ஆறாவது கண்ணி

இது கதை இல்லை. நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் இதோடு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் "பேய் ராத்திரியில்தானே வரும்" என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்தது பட்டப்பகலில். மணி மூன்று இருபத்தைந்து. என் கையில் இருட்டிலும் முள் மின்னுகிற கடிகாரம் இருந்தது.

என் பெயர் நெரெய்தா. கியூபாவின் மேற்குக் கோடியில், பினார் தெல் ரியோ பக்கம், எல் ஹொபோ என்ற சிற்றூரில் புகையிலை போடுகிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்த வருஷம் செப்டம்பரில் புயல் எங்கள் தலைக்கு மேலேயே வரப்போகிறது என்று வானொலி மூன்று நாளாக அலறிக்கொண்டிருந்தது. புயலுக்கு முந்தின நாள் ஆட்களை ஏற்றிப்போக லாரி வந்தது. ஊரில் பாதிப் பேர் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். என் மாமனார் காஸிமிரோ போகவில்லை. அவர் போகாத இடத்துக்கு நாங்களும் போக முடியாது.

"அறுபது வருஷமா இந்தக் குடில் யாரையும் கைவிட்டதில்ல," என்றார் லாரிக்காரரிடம்.

லாரிக்காரர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குடில் என்று அவர் சொன்னது வீட்டை அல்ல. வீட்டுக்குப் பின்னால் இருந்த தரைக்குடில். எங்கள் பக்கத்தில் பழைய குடியானவர் வீடு எல்லாவற்றிலும் ஒன்று இருக்கும். சுவரே கிடையாது. கூரை மட்டும்தான். இரண்டு பக்கமும் சரிந்து வந்து மண்ணில் முட்டும். பனையோலை வேய்ந்தது. காற்று அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடும். மற்ற நாளில் மண்வெட்டியும் சோளமும் போட்டு வைப்போம். புயல் வந்தால் சாமானை ஒதுக்கிவிட்டு நாங்கள் உள்ளே போவோம். குனிந்துதான் போக வேண்டும். ஒரே கதவு. அந்தக் கதவில்தான் எல்லாம் இருக்கிறது. அது திறந்தால் காற்று உள்ளே புகும். உள்ளே புகுந்த காற்று கூரையைத் தூக்கிவிடும். அப்புறம் உள்ளே இருக்கிறவர்களைத் தேட வேண்டியதில்லை.

ஆறு பேர் நாங்கள். நான், என் வீட்டுக்காரர் பெர்மின், ஏழு வயது மகள் யானெலிஸ், மாமனார், கொழுந்தன் ஒனெலியோ, பக்கத்து நிலத்துக்காரி பாஸ்தோரா. பாஸ்தோராவின் வீடு சாதாரண மழைக்கே ஆடும். அதனால் காலையிலேயே மூன்று கோழியையும் ஒரு காபிக் குடுவையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று காலை ஐந்து மணியிலிருந்து ஒரு நிமிஷம் உட்காரவில்லை. வீட்டின் தகரக் கூரைமேல் கம்பியை இழுத்து, மண்ணில் புதைத்த கட்டையில் கட்டினோம். சன்னலுக்குப் பலகை அடித்தோம். பீப்பாயில் தண்ணீர் நிரப்பினோம். மொச்சையையும் அரிசியையும் கொழுப்பு டின்னில் போட்டு மெழுகு ஊற்றி மூடினேன். மரவள்ளிச் செடியைத் தண்டோடு வெட்டிச் சாய்த்தோம். தண்டு இருந்தால் காற்று கிழங்கையே பிடுங்கி எறிந்துவிடும். வெட்டிவிட்டால் கிழங்கு மண்ணுக்குள் தப்பித்துக்கொள்ளும். அந்த வேலையை முக்கால்வாசி செய்தது ஒனெலியோ. முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. குச்சி போல ஒல்லியாக உயரமாக இருப்பான். வேலை செய்துகொண்டே வாய் ஓயாது பேசுவான்.

"அண்ணி, புயல் வந்து என் தாடியைச் சிரைச்சுட்டுப் போனா நல்லாருக்கும். பிளேடு விலை ஏறிடுச்சு."

"மூஞ்சியோட போயிடும், பாத்துக்க."

"போகட்டுமே. புது மூஞ்சி வந்தாலாவது ஒருத்தி பாப்பா."

பாஸ்தோரா சிரித்துச் சிரித்துக் கோழிக்கூடையைக் கீழே போட்டாள். கடைசியாக அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

மணி இரண்டு. மழை சாய்ந்து அடிக்க ஆரம்பித்தது. வானம் கரிபிடித்த சட்டி போலக் கறுத்துவிட்டது. எல்லோரும் குடிலுக்குள் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாற்பது. எனக்கு மாடு ஞாபகம் வந்தது.

உழவு மாடு இரண்டும் ஓடைக்கரையில் கட்டிப் போட்டபடியே இருந்தன. புயலுக்கு மாட்டைக் கட்டி வைக்கக் கூடாது. அவிழ்த்துவிட்டால் அது தானாக மேட்டைத் தேடிப் போய்விடும். கட்டிப் போட்டால் ஓடைத் தண்ணீரில் நின்ற இடத்திலேயே சாகும். அந்த இரண்டு மாடும் போனால் அடுத்த வருஷம் புகையிலையும் இல்லை, சோறும் இல்லை.

"ஒனெலியோ, மாட்டை அவுத்தியா?"

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பத்து நிமிஷம் அண்ணி. ஓடிட்டு ஓடியாறேன்."

நான்தான் கேட்டேன். நான்தான் அனுப்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு நாங்கள் உள்ளே போனோம். விளக்கு கிடையாது. காய்ந்த ஓலைக்குள் விளக்கு வைக்க எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். அதற்குப் பதில் கயிறு. மாடு பூட்டுகிற கெட்டிக் கயிறு. ஒரு முனை நடுக்கம்பத்தில் கட்டியிருக்கும். அதில் ஆளுக்கொரு கண்ணி. காலையிலேயே மாமனார் ஆறு கண்ணி போட்டு வைத்திருந்தார். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். காற்றின் இரைச்சலில் பேசினால் கேட்காது. அதனால் கயிறுதான் எங்களுக்கு வாய். ஒவ்வொருவரும் வரிசையாக ஒரு இழு இழுப்பார்கள். எத்தனை இழுப்போ அத்தனை தலை. ஆறு வந்தால் கதவைக் கட்டிவிடலாம். கட்டிய பிறகு காற்று அடங்கும்வரை திறப்பதில்லை. யார் தட்டினாலும்.

ஆமாம், தட்டும். நான் கல்யாணமாகி வந்த பிறகு அதற்கு முன் இரண்டு புயலைப் பார்த்திருந்தேன். இரண்டிலும் கதவு கட்டிய பிறகு வெளியே சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக். மூன்றே தட்டு. பிறகு ஒன்றும் இல்லை. முதல் தடவை நான் நடுங்கிப்போய்ப் பார்த்தபோது மாமனார், "கிளை," என்று ஒரே வார்த்தை சொன்னார். வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை.

கம்பத்தை ஒட்டி பெர்மின். அவர் மடியில் யானெலிஸ். அடுத்து பாஸ்தோரா. கதவுக்கு இடப்பக்கம் நான். வலப்பக்கம் மாமனார், கதவைக் கட்டுகிற வேலை அவருடையது. அவருக்கு அந்தப் பக்கம், பாஸ்தோராவின் முழங்காலுக்கு எதிரே, ஒனெலியோவுக்கு இடம் விட்டிருந்தோம்.

மூன்று பத்து. அவன் வரவில்லை.

மூன்று பதினெட்டு. எங்கோ ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டுத் தகரம்தான். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக மழை. வேறொன்றும் தெரியவில்லை. பெர்மின் கத்தினார், "இன்னும் கொஞ்சம் பொறுங்க அப்பா." மாமனார் தலையை ஆட்டினார். குடில் முழுவதும் ஒரு தடவை மூச்சு வாங்கியது. தரையோடு ஒட்டியிருந்த ஓலை லேசாகத் தூக்கி மறுபடி அமர்ந்தது. யானெலிஸ் அழ ஆரம்பித்தாள்.

இன்னும் ஐந்து நிமிஷம் போனால் கதவு இருந்தும் பயனில்லை என்று எனக்கும் தெரிந்தது.

மூன்று இருபத்தைந்து. கதவு விலகியது.

ஒல்லியாக, உயரமாக ஓர் உருவம். குனிந்து உள்ளே வந்தது. வெளிச்சம் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை. என் காலைத் தாண்டி, மாமனாரையும் தாண்டி, விட்டு வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தது.

"அப்பாடா," என்றேன். நிஜமாகவே எனக்கு உயிர் வந்தது.

"மாடு போயிடுச்சா?" என்று கத்தினேன்.

பதில் இல்லை.

ஓடி வந்த களைப்பு என்று நினைத்தேன். மாமனார் ஆறாவது கண்ணியை எடுத்து அவன் பக்கம் நீட்டி மாட்டுவது நிழலாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கதவைச் சாத்தினார். இருட்டு.

கயிறு இழுபட்டது. பெர்மின். யானெலிஸுக்காக இன்னொரு இழுப்பு. பாஸ்தோரா. நான். மாமனார்.

பிறகு ஒரு இடைவெளி...

ஆறாவது இழுப்பு. மெதுவாக. நீளமாக.

மாமனார் கதவைக் கட்டினார். நான் கதவுக் கயிற்றின் முடிச்சைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. முதலில் கோழி. அவ்வளவு நேரம் கூடைக்குள் கத்திக்கொண்டிருந்த மூன்றும் ஒரே நேரத்தில் வாயை மூடிவிட்டன.

அடுத்து, ஈரம். அந்த மழையில் ஓடைக்கரையிலிருந்து ஓடி வந்தவன் தொப்பலாக நனைந்திருக்க வேண்டும். என் காலைத் தாண்டிப் போனபோது ஒரு சொட்டுக்கூட என்மேல் விழவில்லை.

பாஸ்தோரா என் காதோடு வாயை ஒட்டிக் கத்தினாள்.

"உன் கொழுந்தன் கை ஏண்டி இப்படி ஜில்லுனு கெடக்கு?"

"மழையில வந்தான்ல."

"மழைக் குளிர் இல்லடி இது."

வாய் ஓயாத ஒனெலியோ வாயையே திறக்கவில்லை. குழந்தை அழுதால் முதலில் கிண்டல் செய்கிறவன் அவன். அன்று அவன் இருந்த பக்கத்திலிருந்து இருமல்கூட இல்லை...

மூன்று ஐம்பது.

டொக்... டொக்... டொக்.

எதிர்பார்த்ததுதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று தட்டு. முடிந்தது என்று நினைத்தேன்.

டொக் டொக் டொக் டொக்.

முடியவில்லை.

இந்தத் தடவை அது நிற்கவே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் பலகை அதிர்ந்தது. கையால் தட்டுவது. பிறகு இரண்டு கையால். பிறகு உடம்பால் முட்டுவது.

"மாமா, யாரோ இருக்காங்க," என்று கத்தினேன்.

"கிளை."

"கிளை இல்ல மாமா. ஆள்."

அவர் கதவின்மேல் முதுகை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பெர்மின் கம்பத்தடியிலிருந்து கத்தினார். "எல்லாரும் உள்ளதானே இருக்கோம்? எண்ணிப் பாரு."

எண்ணினேன். கயிற்றை இழுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான் நாலு. ஐந்து.

ஆறு.

உடனே வந்தது ஆறாவது. காத்திருந்தது போல வந்தது.

எங்கள் ஆள் ஆறு பேரும் உள்ளே. அப்படியானால் வெளியே இருப்பது எங்கள் ஆள் இல்லை. இந்த வீட்டில் கயிறு பொய் சொன்னதே கிடையாது. என் மகள் நான்கு அடி தள்ளி இருக்கிறாள். முடிச்சை நான் அவிழ்த்தால் கூரை போகும். கூரை போனால் அவள் போவாள். என் கை முடிச்சுமேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

நான்கு மணி. தட்டிக்கொண்டே இருந்தது.

நான்கு பத்து. சத்தம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. முதலில் என் தோள் உயரத்தில் கேட்டது, இப்போது இடுப்பு உயரத்தில்.

நான்கு இருபது. இன்னும் கீழே.

தரையோடு தரையாக...

பிறாண்டுகிற சத்தம்.

நான்கு முப்பத்தைந்து. நின்றுவிட்டது.

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள். அந்த இரைச்சலில் அது எனக்கு எப்படிக் கேட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. மாமனார் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. மாமனாருடையது இல்லை.

ஏழு பத்துக்குக் காற்று தணிந்தது. மாமனார் கத்தியை எடுத்துக் கதவுக் கயிற்றை அறுத்தார். அப்போது அவர் ஒன்று சொன்னார்.

"பெர்மின், நீ முன்னால போ. நெரெய்தா, குழந்தை கண்ணைப் பொத்து."

கதவு திறக்கவில்லை. வெளியே ஏதோ அணைகொடுத்துக் கிடந்தது. பெர்மின் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு சாண் திறந்தது. மிச்ச வெளிச்சம் உள்ளே வந்தது.

ஒனெலியோ கிடந்தான்.

கதவோடு ஒட்டி, ஒருக்களித்து. ஒரு கால் தகரம் வெட்டிப் பாதி தொங்கியது. ரத்தமெல்லாம் மழையில் கழுவிப் போயிருந்தது. கை இரண்டும் கதவுப் பலகைக்கு அடியில். விரல் நுனியில் நகம் இல்லை.

பெர்மின் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. நான் திரும்பி உள்ளே பார்த்தேன்.

உள்ளே வந்தவன் இருந்த இடம் காலி.

கயிறு கிடந்தது. ஆறாவது கண்ணி இறுக்கி முடிச்சுப் போட்டபடியே இருந்தது. யார் மணிக்கட்டோ இன்னும் அதற்குள் இருப்பது போல வட்டமாக இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் மண் அழுந்தியிருந்தது. அங்கே மட்டும் காலையில் நான் பெருக்கிவிட்ட விளக்குமாற்றுக் கோடு அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்தது. மாடு இரண்டும் மேட்டில் சுகமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவிழ்த்துவிட்டுத்தான் ஓடி வந்திருக்கிறான். வழியில் தகரம் அடித்திருக்கிறது. ஒற்றைக் காலில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஊரில் எல்லோரும் ஒரே காரணம் சொன்னார்கள். கிழவர் பதற்றத்தில் இரண்டு தடவை கயிற்றை இழுத்துவிட்டார். உள்ளே வந்த உருவம் எங்கள் கண்ணுக்கு வந்த மயக்கம். பெர்மினும் அதைத்தான் நம்பினார், நம்பினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பாஸ்தோரா மட்டும் நம்பவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

நானும் நம்பப் பார்த்தேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை பெர்மின். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நான்கு வருஷம் கழித்து மாமனார் படுத்துவிட்டார். நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு நாள் காலை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பெர்மின் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். மாமனார் என் கையைப் பிடித்தார்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், தெரியுமா?"

தெரியாது. யாரும் சொன்னதில்லை. வீட்டில் படமும் இல்லை.

"அனிசெத்தோ. பத்தொம்பது வயசு. என்னைத் தோள்லயே தூக்கிட்டுத் திரிவான். கரும்பு ஆலையில இடது கை ரெண்டு விரல் போயிடுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்குப் பன்னெண்டு வயசு. அந்தப் புயல்ல அவன் லேட்டா வந்தான். அப்பா கதவைக் கட்டச் சொன்னார். நான்தான் கட்டினேன். தட்டினான். மூணே தட்டு. திறக்கல."

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"அதுக்கப்புறம் எல்லாப் புயலுக்கும் தட்டுவான். அதே மூணு தட்டு. உனக்கும் கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கு மாமா."

"அன்னைக்குத் தட்டல. உள்ள வந்துட்டான்."

வெளியே கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்படித் தெரியும் மாமா?"

"கண்ணி மாட்டினது நான்தானே. மூணு விரல். என் தோள்மேல கை போட்டுக்கிட்டான். சின்னப் பிள்ளையில போடுவானே, அதே மாதிரி." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. "அறுபது வருஷம் வெளிய நின்னவன். எப்படிம்மா எந்திரிச்சுப் போன்னு சொல்லுவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. செத்துக்கொண்டிருக்கிற மனிதர் என்றுகூடப் பார்க்கவில்லை.

"வெளிய தட்டினது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பெத்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"திறந்தா கூரை போயிடும். குழந்தை உள்ள இருந்துச்சு. அதனாலதான் திறக்கல. அப்படித்தானே?" நானே அவருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தேன். அவர் ஆமாம் என்று சொன்னால் போதும் என்று இருந்தது.

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. வந்திருக்க வேண்டாம்.

"மாமா... அது உங்க அண்ணன்னு தெரிஞ்சது, கதவைக் கட்டினதுக்கு அப்புறமா? முன்னாடியா?"

கோடரிச் சத்தம் நின்றது. பெர்மின் படியேறி வருகிற காலடி கேட்டது.

"முன்னாடி," என்றார்.

பெர்மின் உள்ளே வந்து நின்றார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னார் அப்பா?"

"தண்ணி கேட்டார்," என்றேன்.